முள் இல்லாத சபூர்

எங்கள் பஸ்ரா ஊரில் பிள்ளை பெற்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து உம் தாஹா, உம் நிதால் என்று அம்மாவாக்கிவிடுவார்கள். பெறாதவளை என்ன செய்வது? அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். உம் காயிப். இன்னும் வந்து சேராத பிள்ளையின் அம்மா.

மரியாதைக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள், தெரியும். ஆனால் எனக்கு அறுபது நெருங்குகிறது. எனக்குக் கல்யாண வயது வந்தபோது பஸ்ராவின் மாப்பிள்ளைகள் எல்லாரும் ஈரான் போர்முனையில் இருந்தார்கள். திரும்பி வந்த சிலரும் பதினெட்டு வயதுப் பெண்ணாகத் தேடினார்கள். சரி, போகட்டும் என்று அடுப்படிக்குள் நுழைந்தவள்தான். என் பெயர் பஹீஜா. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. காய்கறிக்காரன் முதல் இமாமின் மனைவி வரை உம் காயிப், உம் காயிப். யாரோ வந்து கதவைத் தட்டப்போகிறான், எழுந்து போய்ப் பார் என்பது போல இருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அஷார் வாய்க்காலுக்குப் பின்னால் எங்கள் சாப்பாட்டுக் கடை. வாசலில் தம்பி ஷாக்கிர், அடுப்பில் நான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'வாய்க்கால் மீன் கடை' என்றால் ஊருக்குத் தெரியும். வசந்தம் பிறந்ததும் கடலிலிருந்து சபூர் மீன் ஆற்றில் ஏறி வரும். அந்த மாதங்களில் எங்கள் கடையில் வேறு மீன் கிடையாது. வயிற்றைக் கீறி, புளிக்கரைசல், வதக்கிய வெங்காயம், பூண்டு, இடித்த நூமி எல்லாம் அடைத்துத் தந்தூர் அடுப்பில் இறக்குவேன். நூமி என்பது கறுத்துக் காய்ந்த எலுமிச்சை. ஓமானிலிருந்து வருகிற சரக்கு, ஆனால் பாக்தாத்காரர்கள் அதற்கு பஸ்ரா எலுமிச்சை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் துறைமுகத்தில் இறங்கியதெல்லாம் எங்களுடையது, அவ்வளவுதான்.

சபூரில் ருசி எவ்வளவு உண்டோ அவ்வளவு முள்ளும் உண்டு. மயிர் மாதிரி முள், இரண்டாகக் கிளைத்த முள், சதைக்குள் சதையாக ஒளிந்திருக்கும் முள். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். தட்டு மேசைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பேச்சு, வம்பு வழக்கு, அரசியல் எல்லாம் தேநீர் வந்த பிறகுதான். வசந்தகால மதியத்தில் எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தால் பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். எல்லாரும் தலை குனிந்து, விரலால் தடவித் தடவிச் சாப்பிடுவார்கள். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் சமையலுக்குக் கிடைக்கிற கைத்தட்டல் அதுதான்.

ஷாக்கிருக்கு அது பிடிக்காமல் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. ஆற்றில் உப்பு ஏறிவிட்டது. மீன் குறைந்துபோனது. ஆறு கடலில் சேரும் ஃபாவிலிருந்து மீன் கொண்டுவரும் தாஹாவின் அப்பா, அபூ தாஹா, சில நாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குக் கடையை மூடிவிடுவேன். இதற்கிடையில் ஆற்றங்கரைச் சாலையில் பேரீச்சை அரண்மனை என்று ஒரு பெரிய ஓட்டல் வந்தது. கண்ணாடிச் சுவர், செயற்கை அருவி, வாசலில் சிவப்புக் கம்பளம். அங்கே விற்பது முள் இல்லாத சபூர்.

"எலும்பில்லாத ஆடும் வெட்டுவாங்களா அங்க?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணாதக்கா. உக்கார எடம் இல்ல அங்க. ஆறு செத்துக்கிட்டு இருக்கு, நீ இன்னும் சபூர் சபூர்னு தொங்கிக்கிட்டு இருக்க."

"செத்தா சொல்லியனுப்பு, எழவுக்கு வர்றேன். அதுவரைக்கும் அது குடுக்கறதச் சமைப்பேன்."

"பெட்டியில உறைஞ்ச மீன் வருது. தோலுரிச்சு, முள்ளெடுத்து, சுத்தமா. நீ அடைக்கிற புளியையும் நூமியையும் அதுமேல தடவிக் குடுத்தா எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

இப்படியே நாள்தோறும் இழுபறி. கடைசியில் அவன்தான் சினான் பேச்சைக் கொண்டுவந்தான். சினான் பாக்தாத் பையன். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதைப் போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவான். அவன் 'போங்கள்' என்றால் கூட்டம் போகும், 'போகாதீர்கள்' என்றால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பஸ்ராவில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல வரப்போகிறான்.

"நம்ம கடையச் சிபாரிசு பண்ணினான்னா உன் இஷ்டம், நான் வாயே தொறக்க மாட்டேன். பண்ணலைன்னா என் இஷ்டம். பெட்டி மீன் எறக்குவேன். சபூர்ங்கற பேச்சு இந்த அடுப்புல இருக்கக் கூடாது. சரியா?"

"சரி, போடா" என்றேன். அவன் கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். அவன் முகத்தில் இருந்த இளக்காரத்தைப் பார்த்து வந்த கோபம் அது.

சினான் வந்தான். அழகான பையன், நல்ல வாசனை, திருத்திய தாடி. கூட வந்தவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்றைக்கு அபூ தாஹா நல்ல முட்டை சபூர் கொண்டுவந்திருந்தார். நானே தட்டை எடுத்துப் போய் வைத்தேன்.

"கண்ணு, இது சபூர். மொதல்ல தின்னு. அப்புறம் பேசு."

"பேசாம எப்படி பெரியம்மா? பேசறதுதானே என் பொழப்பு!"

"அப்ப பொழப்ப கொஞ்ச நேரம் மூடி வை."

சிரித்தான். பெரிய விள்ளலாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துத் திரும்பினான். "நண்பர்களே, பஸ்ராவோட இதயம் எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா, இந்த இதயம்..." என்றான். இதயத்திலேயே நின்றுவிட்டான். கண் பிதுங்கிவிட்டது. கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

நான் ஓடிப்போய்ச் சோற்றை உருண்டையாகப் பிடித்து அவன் வாயில் திணித்தேன். "மெல்லாத! முழுங்கு!" முதுகில் இரண்டு சாத்து சாத்தினேன். மறுபடி ஓர் உருண்டை. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அவரவர் வாயிலும் சபூர் இருந்தது. பக்கத்து மேசைப் பெரியவர் மட்டும் தன் ரொட்டியை மௌனமாக அவன் பக்கம் தள்ளிவைத்தார். ஒருவழியாக முள் இறங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பையனுக்கு அவமானம். அதைச் சிரிப்பாக மாற்ற வேண்டும் அவனுக்கு. "இந்தப் பெரியம்மா பேரு என்ன?" என்று ஷாக்கிரைக் கேட்டான்.

"உம் காயிப்னு கூப்பிடுவாங்க."

"காயிபா? யாரு இன்னும் வரணும்? அதான் முள்ளு வந்து சேந்துடுச்சே! நண்பர்களே, இவங்க பேரு இனிமே உம் ஷோச்!"

ஷோச் என்றால் முள். முள்ளம்மா. கூட வந்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கட்டும், அவன் யாரோ. ஷாக்கிரும் சிரித்தான். நான் தூக்கி வளர்த்த தம்பி, வாசலில் நின்றுகொண்டு பல் தெரியச் சிரித்தான். அதுதான் எனக்குத் தைத்தது.

அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. சினானின் வரிசையில் அரண்மனைக்கு முதல் இடம். முள் இல்லாத சபூர், குடும்பத்தோடு போங்கள். கடைசியில் நான், சோற்று உருண்டையும் கையுமாக. முள்ளம்மா கடைக்குப் போகிறவர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு பேச்சு. வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்கள். புதிதாக ஒரு தலை தெரியவில்லை. தெருவில் போகும்போது ஒருத்தன், "உம் ஷோச், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்று கத்தினான். "உன் வீட்டுக்குப் பக்கத்துலதான். உன் பொண்டாட்டி சமையலுக்குப் பயந்து கட்டினது!" என்று நானும் கத்தினேன்.

"பந்தயம் முடிஞ்சதுக்கா" என்றான் ஷாக்கிர். "பெட்டிக்குச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை வருது."

"வரட்டும். அதுக்கு முன்னாடி அந்த மொதல் எடத்துல என்ன போடறாங்கன்னு பாக்கணும். கௌம்பு."

நல்ல அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டு போனேன். அருவிக்குப் பக்கத்து மேசை. முள் இல்லாத சபூர் வந்தது. வெள்ளை வெளேரென்று, சதுரமாக, ஓரத்தில் கீரை செருகி. வாயில் போட்டேன். அதற்கு ஒரு ருசியும் இல்லை, குற்றமும் இல்லை. எந்தக் குளத்து மீனோ, எந்த நாட்டுப் பெட்டியோ. பிறகு பேச ஆரம்பித்தேன்.

வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசினேன். மாமன் மகள் கல்யாணத்தைப் பற்றி, மின்சாரம் போவதைப் பற்றி, ஷாக்கிர் ஏழு வயதில் பேரீச்சை மரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி. மென்றுகொண்டே சிரித்தேன், விழுங்கிக்கொண்டே திட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, மெதுவா. மானம் போகுது."

"பாத்தியா? பேசிக்கிட்டே முழுத் தட்டும் தின்னுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. இது சபூரா?" பரிமாறுகிறவனைக் கூப்பிட்டேன். "தம்பி, இந்தச் சபூர் எந்த ஆத்துல ஏறி வந்துச்சு?"

"அதெல்லாம் நல்ல கம்பெனி சரக்கும்மா" என்றான் அவன், பாவம்.

ஷாக்கிர் பணத்தை வைத்துவிட்டு எழுந்தான். வியாழக்கிழமைப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வார்த்தை கொடுத்திருக்கிறேன். அதை எப்படி மீறுவது என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. அன்று புளியைப் பிழிந்த பிழியில் அடுப்படியெல்லாம் தெறித்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். எங்கள் ஆறு இன்னும் தருகிறது. கூடையில் நாலே மீன் வந்தாலும் தருகிறது. அதை நானே வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டுமாம்.

புதன்கிழமை தங்கை மாஜிதா கூப்பிட்டாள். சுவீடனில் மால்மோ நகரில் இருக்கிறாள், போய் ரொம்ப வருஷமாயிற்று. போனை எடுத்ததும் சிரிப்பு. நிறுத்த முடியாத சிரிப்பு.

"அக்கா, உன் சோத்து உருண்டைய இங்க எல்லாரும் பாத்தாச்சு!"

"நீயுமாடி?"

"அடி போக்கா. இங்க நம்ம ஊர்க்காரங்க என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அந்தப் பையன் அரண்மனையில முள்ளே இல்லன்னான் பாரு, அப்பவே எல்லாரும் சேனல மாத்திட்டாங்க. உன் கடையில தொண்டையில குத்துச்சுன்னு அழுதான் பாரு, அப்பதான் நிமிந்து உக்காந்தாங்க. பஸ்ராவுல நெசச் சபூர் இன்னும் ஒரு எடத்துல கெடைக்குதுன்னு."

நான் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நாங்க இங்க சபூருக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஊரெல்லாம் தேடி, கடைசியில ஒரு வங்காளி கடையில அகப்பட்டுச்சு. அவங்க அத இலிஷ்ங்கறாங்க. 'பேசாம சாப்பிடுங்க'ன்னு அவரும் சொன்னாருக்கா, சத்தியமா! நூமி இங்க நம்ம ஊர்க்காரங்க கடையில கெடைக்குது. புளிக்குத் தமிழர் கடை. அந்தக் கடைக்காரரு என் பையில மீனப் பாத்துட்டு, இது எங்க ஊரு உல்லம் மீனாச்சேன்னு கையில வாங்கிப் பாத்தாரு. உலகத்துல பாதிப்பேரு இந்த முள்ளத்தான் தின்னுக்கிட்டு இருக்காங்க. அந்தப் பாக்தாத் பயலுக்குத்தான் தெரியல."

"இருக்கட்டும்டி. நாளைக்குப் பெட்டி மீன் வருது. நான் தோத்துட்டேன்."

"என்ன தோத்த? கேளு, நம்ம ஹம்மாம் தெரு அபூ நிதால் குடும்பம் இங்கேர்ந்து லீவுக்கு அங்க வந்திருக்கு. எங்க சாப்பிடலாம்னு என்னத்தான் கேட்டாங்க. கடைக்குத்தான் பேரில்லையே! உம் ஷோச் கடைன்னு கேளுங்க, யாரும் காட்டுவாங்கன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் குளிர்பெட்டி வண்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஷாக்கிர் முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினான். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, வழிய விடு."

"மாட்டேன்."

"சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். அதுக்கு மேல போய் அல்லாகிட்ட நானே பதில் சொல்லிக்கறேன். நீ தாண்டணும்னா என்னைத் தாண்டிப் போ."

பெட்டியில் இருந்து குளிர்நீர் அவன் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முறைத்தான், நானும் முறைத்தேன். அந்த நேரத்தில் வாய்க்கால் முனையில் ஒரு கூட்டம் தெரிந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மாமியார். தேநீர்க் கடைக்காரன் எங்களைக் கைகாட்டினான். அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்து வந்து ஷாக்கிரின் முன்னால் நின்றார்.

"உம் ஷோச் கடை இதுதானா தம்பி?"

ஷாக்கிர் என்னைப் பார்த்தான். "இதுதாண்ணே."

"மால்மோலேர்ந்து வர்றோம். மாஜிதா சொன்னா. நேத்து அந்த அரண்மனைக்குப் போய் ஏமாந்துட்டோம், சோப்பு மாதிரி எதையோ குடுத்தான். மொதல்லயே கேட்டுக்கறேன், இங்க சபூர்ல முள்ளு இருக்கா? இல்லன்னா சொல்லிடுங்க, கௌம்பறோம்."

ஷாக்கிர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். அதன்மேல் பெரிய எழுத்தில் 'முள் நீக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. அந்த மனிதரும் அதைப் பார்க்கப் போகிறார். ஷாக்கிர் சட்டென்று பெட்டியைத் திருப்பிப் பிடித்தான்.

"முள்ளு இருக்குண்ணே" என்றான். "எங்கக்கா கடையில முள்ளுக்கு மட்டும் பஞ்சமே இல்ல. உள்ள வாங்க." வண்டிக்காரனிடம் திரும்பி, "கடை மாறி வந்துட்டீங்க போல. எடுத்துட்டுப் போங்க" என்று பெட்டியை நீட்டினான்.

வழி விட எழுந்திருக்கப் போனேன். கால் மரத்துப்போயிருந்தது. அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அபூ தாஹா அன்றைக்குக் கொஞ்சம்தான் கொண்டுவந்திருந்தார், ஆனால் அந்த மேசைக்குப் போதும். தட்டு போய் உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஏதோ சுவீடன் மொழியில் கிசுகிசுத்தார்கள். அந்த மாமியார் ஒரே ஒரு விரலைத் தூக்கினாள். கப்சிப். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாயிலிருந்தும் சொல் வரவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்று அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். டெட்ராய்டிலிருந்து, லண்டனிலிருந்து, சிட்னியிலிருந்து. எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, முள் இருக்கா? அவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் திரும்பி வந்தார்கள். மீன் இல்லாத நாளில் ஷாக்கிரே வாசலில் நின்று, "ஆறு இன்னிக்குக் குடுக்கல, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினான்.

சினானும் ஒருநாள் கூப்பிட்டான். குரலில் அந்தப் பழைய துள்ளல் இல்லை. ஊர் உலகத்தில் இருக்கிற பஸ்ராக்காரர்கள் எல்லாரும் அவனைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள் போல.

"பெரியம்மா, என்னை எல்லாரும் திட்டறாங்க. வயசுக்கு மரியாதை குடுக்காம உங்களுக்கு அப்படிப் பேர் வச்சது தப்புதான். அந்தப் படத்த எடுத்துடறேன். அந்தப் பேரையும் எடுத்துடறேன்."

"எடுத்துப் பாரு! பாக்தாத்துக்கு வந்து கைய ஒடிப்பேன்."

"என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"அது என் பேரு. நீ குடுத்துட்ட, நான் வாங்கிக்கிட்டேன். இனிமே உனக்கு அதுல பாத்தியதை கெடையாது. சபூர் திங்க வர்றதுன்னா வா. போன வெளிய வச்சுட்டு வா, வாய மூடிக்கிட்டு வா."

அந்த வாரமே பலகை எழுதுகிறவனைக் கூப்பிட்டேன். ஷாக்கிருக்குச் சங்கடம். ஏணிக்குக் கீழே நின்று கையைப் பிசைந்தான்.

"அக்கா, அது அவன் கேலியா சொன்னதுக்கா. பஹீஜா மீன் கடைன்னு எழுதலாம். உன் சொந்தப் பேரு, அழகா இருக்கும்."

"கேலிதான். நீயும் சிரிச்ச, மறக்கல. ஆனா நல்லாக் கேளு. இந்த ஊரு எனக்கு மரியாதையா வச்ச பேருல, வராதவனுக்காக நான் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கணும். அந்தப் பய கேலியா வச்ச பேருல, என் கையில இருக்கற பொருளுக்கு நான் அம்மா. எது மரியாதை, நீயே சொல்லு."

அவன் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

பச்சைப் பெயின்ட். பெரிய எழுத்து. உம் ஷோச். எழுதுகிறவன் கடைசிப் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இமாமின் மனைவி கூப்பிட்டாள். "உம் காயிப்! உம் காயிப், ஒரு கைப்பிடி நூமி இருந்தா குடேன்!"

நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்தில் வந்தாள், என் பார்வை போன திசையில் தலையைத் தூக்கினாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டாள்.

"உம் ஷோச்."

"சொல்லும்மா" என்று திரும்பினேன். "எத்தனை நூமி வேணும்?"